கப்பலில் கை நனைக்காதவர்கள்

கப்பலில் எப்படிப் போக வேண்டும், எப்படிப் போனால் எவ்வளவு மிச்சம் என்று இந்த உலகத்திலேயே முழுசாகத் தெரிந்த மனிதர் ஒருவர்தான். அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். கோபியில் இருந்து கடலைப் பார்க்க எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு ராத்திரி பஸ்ஸில் தூங்கி எழுந்தாக வேண்டும். நெல்லும் வாழையும் தென்னையுமாக இருக்கிற அந்த ஊரில் கப்பல் விட வேண்டுமானால் முதலில் வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும். இருந்தாலும் சொல்கிறேன், கப்பல் விஷயத்தில் அவரை மிஞ்ச மாலுமி பிறந்துதான் வரவேண்டும்.

அவருக்குப் பெயர் மிச்சம் அண்ணன். வீட்டில் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. அவரும் எங்களைப் போலப் பம்ப்செட் வியாபாரி; எங்களுக்கெல்லாம் அவர் மிச்சம் அண்ணன்தான். மழையைப் பற்றிப் பேசினாலும் சரி, மாமனார் சாவைப் பற்றிப் பேசினாலும் சரி, பேச்சு கடைசியில் "அதுல எவ்வளவு மிச்சம் பாரு கண்ணு" என்றுதான் போய் நிற்கும்.

கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சன் தன் காசை மிச்சம் பிடிப்பான். இவர் ஊரார் காசை மிச்சம் பிடிப்பார். அதற்குத் தன் காசைத் தண்ணீராக இறைப்பார். ஒரு நாள் உச்சி வெயிலில், கோபியில் இருந்து பஸ் பிடித்துச் சத்தியமங்கலத்தில் இருக்கிற என் கடைக்கு வந்தார். வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன்.

"ஏங்கண்ணு, மோட்டார் வர்ற அட்டப்பெட்டியில கட்டியிருக்கற சணல என்ன பண்ற?"

"அறுத்துப் போட்டுருவேனுங்ணா."

"அறுக்காத. அவுத்து வெச்சுக்க. பொட்டணம் கட்ட ஆகும்."

இதைச் சொல்லத்தான் வந்தார். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். அந்த பஸ் டிக்கெட்டுக்கு நான் மூட்டைக் கணக்கில் புதுச் சணலே வாங்கியிருப்பேன்.

அப்படிப்பட்டவரோடு கப்பலில் போகும் யோகம் எனக்குத் தொண்ணூறுகளின் நடுவில் வந்தது. இரண்டு வருஷமாக மழை ஏமாற்றி, கிணறெல்லாம் வற்றி, ஊரெல்லாம் ஆழ்குழாய்ப் போர் போட்ட நேரம். எங்கள் பம்ப்செட் கம்பெனி கோயமுத்தூர்க் கம்பெனி. முதலாளி குஷியாகிவிட்டார். சொன்ன அளவு விற்ற ஏஜென்டுகளை எல்லாம் சிங்கப்பூர் கூட்டிப் போய், அங்கிருந்து உல்லாசக் கப்பலில் ஏற்றிக் காட்டுவதாக அறிவித்தார். அதே கையோடு எங்களுக்குத் தரும் தள்ளுபடியில் கொஞ்சம் வெட்டிவிட்டார். வியாபாரிகளுக்கு உள்ளுக்குள் புகைச்சல். இதை அறிவித்த கூட்டத்தில் பாதிப் பேர் டீயைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். முதலாளி அதைக் கவனித்தார் என்பதையும் நான் கவனித்தேன். கவனித்துக் கவலைப்படுவதுதான் எனக்கு வேலை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கவலைப்படுவதில் மட்டும் மேலே மேலே படித்துக்கொண்டே போனேன்.

என் கவலைக்குக் காரணம் இருந்தது. சொன்ன அளவை நான் விளிம்பில் தொட்டவன். எங்கள் ஊரிலேயே மாடி கட்டிக் கண்ணாடி போட்ட கடைக்காரர் ஒருவர், சத்தியமங்கலம் ஏஜென்சியைத் தனக்கு மாற்றித் தரச் சொல்லி முதலாளியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "என்னுங் மொதலாளி, எனக்குத்தானுங்களே?" என்று நான் போய் நின்றபோது, அவர் நிமிராமலே, "கப்பல்ல பேசிக்கலாம்ப்பா" என்றுவிட்டார். அந்த ஏஜென்சி போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஆக, கப்பல் கவிழ்ந்தாலும் பயம், கவிழாமல் போய்ச் சேர்ந்தாலும் பயம்.

மிச்சம் அண்ணனுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. அறிவிப்பு வந்த மறு வாரமே கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்குப் போய், வாலிபத்தில் கப்பலில் துணி தேய்த்த ஒரு தையல்கார பாயைப் பிடித்துவிட்டார். பாய் கடையில் டீ குடித்துக் குடித்து விஷயம் வாங்கினார். டீக்காசு எல்லோருக்கும் இவர்தான். அதன் பிறகு எங்களை எல்லாம் தன் கடைக்கு வரவழைத்துப் பாடம் எடுத்தார்.

"ஜன்னல் வெச்ச ரூம் கேக்காதீங். கடலு மேல போனா சும்மாவே தெரியும். தூங்கறப்ப அத எதுக்குங் பாத்துக்கிட்டு? கப்பல்ல இருந்து ஊட்டுக்குப் போன் பண்ணாதீங், ஒரு அலோவுக்கு ஒரு மோட்டார் வெல. கரையில எறங்குனதும் பூத்துல பேசுங். கரையில கப்பல்காரன் பஸ்ஸுல ஏறாதீங், டவுன் பஸ்ஸும் அதே எடத்துக்குத்தான் போகுது. தலை சுத்துனா மாத்திர வாங்காதீங். உப்பு நார்த்தங்காய வாயில அதக்கிக்கிட்டு, தண்ணியும் வானமும் ஒட்டற கோட்டப் பாத்துட்டு நில்லுங். வெறும் வயித்தோட மட்டும் நிக்காதீங்."

எல்லாம் அருமையான யோசனைகள். இன்றைக்கு யார் கப்பலில் போனாலும் இதையே நான் சொல்வேன். கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதுதான் எங்களை முடித்தது.

"முக்கியமா ஒண்ணு. எவனாச்சும் கையெழுத்துக் கேட்டா போடாதீங். பாய் அடிச்சுச் சொல்லிப்போட்டார். கப்பல்ல காசே கேக்க மாட்டான். கையெழுத்துத்தான் கேப்பான். எறங்கற அன்னைக்கு அத்தனையும் பில்லா வந்து நிக்கும்."

பாய் சொன்னது பானங்களுக்கும் கப்பலுக்குள் இருக்கும் கடைகளுக்கும். அதை மிச்சம் அண்ணன் கப்பல் முழுவதற்கும் நீட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு மூட்டை கட்டுச்சோறு கட்டச் சொன்னார். புளிசாதம், எள்ளுருண்டை, கடலையுருண்டை, தேங்காய்ப்பால் முறுக்கு. சிங்கப்பூர் விமான நிலையத்தில் எங்கள் பெட்டிகளைத் திறந்து பார்த்த அதிகாரி, மூட மறந்து கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

கப்பல் என்றால் கப்பல். எங்கள் ஊர் மாரியம்மன் கோயில், சந்தை, பஸ் ஸ்டாண்டு, சினிமாக் கொட்டகை நாலையும் அடுக்கி வைத்து மிதக்க விட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஏறும் இடத்திலேயே ஒருவன் எங்களை நிற்க வைத்து போட்டோ எடுத்தான். அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டி, வேண்டுமானால் வாங்கிக்கொள் என்று விலை எழுதியிருந்தான். மிச்சம் அண்ணன் வாங்கவில்லை. ஆனால் போகும்போதும் வரும்போதும் எங்களைக் கூட்டிப் போய்ச் சுவரின் முன்னால் நிறுத்துவார்.

"நல்லாப் பாத்துக்குங். பாக்கறதுக்குக் காசில்லீங்."

அடுத்தது துணி. சலவைக்கும் கையெழுத்து என்று தெரிந்ததும், பெட்டியின் அடியில் இருந்து போர் குழிக்குள் மோட்டார் இறக்குகிற நைலான் கயிற்றை எடுத்தார். மேல் தளத்தில் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடி வரை கட்டினார். அத்தனை ஏஜென்டுகளின் வேட்டியும் அதில் ஏறியது. கடல் காற்றில் வேட்டிகள் படபடத்த வேகத்துக்குக் கப்பல் கொஞ்சம் சீக்கிரமாகவே போயிருக்கும் என்பது என் எண்ணம். வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை போட்ட ஓர் அதிகாரி ஓடி வந்து இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

"காத்து சும்மாத்தானுங்க அடிக்குது" என்று அவருக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார் மிச்சம் அண்ணன். "உள்ள மிசின் வெச்சுக் காயப்போட்டா கரண்டு எவ்வளவு ஆகும்? உங்களுக்கும் மிச்சமுங்களே."

அதிகாரி வேட்டிகளை அண்ணாந்து பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான்தான் எங்களைச் சிறையில் போடுவார்கள் என்று சாயந்திரம் வரை காத்திருந்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. பெரிய கூடம். மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. உட்கார்ந்தோமோ இல்லையோ, ஒரு பரிசாரகன் பானங்களின் பட்டியலை நீட்டி, கையில் சின்னச் சீட்டுக் கட்டும் பேனாவுமாக நின்றான். மிச்சம் அண்ணனுக்குக் கண் அந்தப் பேனாவில்தான் போனது.

"பாத்தீங்களா, உக்காரக்கூட இல்ல, கையெழுத்து. எந்திரிங்."

மொத்தப் பேரும் எழுந்தோம். பரிசாரகனுக்குக் கும்பிடு போட்டு, "வேண்டாமுங்க, இப்பத்தானுங்க சாப்பிட்டோம்" என்று வரிசையாக வெளியே வந்து, அறைகளில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம்.

முதலாளி அங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அவர் கப்பல் நகர்ந்த நிமிஷத்தில் இருந்து வாந்தி எடுத்து அறையில் விழுந்து கிடந்தார். கம்பெனி மேனேஜர் அவருக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு பக்கத்திலேயே இருந்தார். எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள் காலையில் புளிசாதத்தில் நூல் விட்டது. அதைக் கொட்டினோம். மத்தியானத்துக்குள் எள்ளுருண்டை, முறுக்கு எல்லாம் தீர்ந்தது. சாப்பாட்டுக் கூடத்தைத் தாண்டித்தான் எங்கே போனாலும் போக வேண்டும். உள்ளே ஐஸில் செதுக்கிய அன்னம் நிற்கும். அதைச் சுற்றிப் பழம், ரொட்டி, பொரித்த மீன், இன்ன நிறம் என்று சொல்ல முடியாத கேக்குகள். நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே கடந்து போவோம். எங்களோடு வந்த அந்தியூர்க்காரர் நல்ல கனமான உடம்பு, பசி தாங்காதவர். அந்த வாசலில் அவருக்கு நடை தானாக நின்றுவிடும்.

"ஏனுங்ணா" என்று மிச்சம் அண்ணனைக் கேட்டார், "மூச்ச உள்ள இழுத்துக்கறதுக்கும் பில்லு வருமுங்களா?"

"பாத்து இழுங். யாரும் எழுதலீன்னா இழுத்துக்குங்."

அன்று சாயந்திரம் முதலாளிக்குக் கொஞ்சம் தேவலை. எங்களுக்கென்று ஒரு தனிக்கூடம் பிடித்து விருந்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகமும் அதே வெள்ளை. பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். எங்கள் முன்னால் தட்டு வந்தது. ஒருவர் கையும் நகரவில்லை. பரிசாரகர்கள் வந்து கேட்டார்கள். "வேண்டாமுங்க, போதுமுங்க" என்று கும்பிட்டோம். அப்போது கூடத்துப் பொறுப்பாளர் மேனேஜரின் காதில் எதையோ சொல்ல, மேனேஜர் முதலாளியின் காதில் சொன்னார். நேற்றில் இருந்து உங்கள் ஆட்கள் ஒருவேளைகூடச் சாப்பிடவில்லை என்பதுதான் சேதி.

முதலாளி முகம் மாறியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்போம். மனசில் பகை இருந்தால் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். பெண் பார்க்கப் போனால்கூடச் சம்மதம் ஆகாமல் கை நனைப்பதில்லை. முதலாளியும் அந்த மண்ணில் பிறந்தவர். தள்ளுபடியை வெட்டியதும், கூட்டத்தில் டீயைத் தொடாமல் போனதும் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

எழுந்து நின்றார். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எல்லாரும் பேசி வெச்சுக்கிட்டுத்தான் வந்தீங்களாக்கும். என்ற சோத்துல கை நனைக்கறதில்லன்னு. செரி. இத்தன தூரம் கூட்டியாந்தவனுக்கு நல்ல மரியாத செஞ்சுபோட்டீங்க. கப்பல்ல பேசிக்கலாம்னு ஒண்ணு ரெண்டு பேர்த்துகிட்டச் சொல்லியிருந்தேன். இனிப் பேசறதுக்கு என்ன இருக்குதுங்க."

அந்த ஒன்று இரண்டு பேரில் ஒன்று நான். இரண்டு யார் என்று எனக்குத் தெரியாது. என் கடை, ஷட்டர், போர்டு எல்லாம் ஒவ்வொன்றாகக் கடலில் இறங்கிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது.

"ஆரு சொல்லி இதைச் செஞ்சீங்க?" என்றார் முதலாளி.

மிச்சம் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருந்ததோ, எழுந்துவிட்டார்.

"நாந்தானுங் மொதலாளி."

எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. பில் வரும் என்று பயந்தோம் என உண்மையைச் சொன்னால், விருந்துக்குக் கூப்பிட்டவன் சோற்றுக்குக் காசு வாங்குவான் என்று நினைத்தாயா என்பார். சொல்லாமல் நின்றால் பகை என்று ஆகும். எந்தப் பக்கம் போனாலும் எனக்குக் குழி. மிச்சம் அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஊட்டுக்காரர் வாந்தி எடுத்துப் படுத்துக் கெடக்கறாருங். ஒரு வாய் தண்ணி எறங்கலீன்னாங். ஊட்டுக்காரர் பட்டினி கெடக்கறப்ப விருந்துக்கு வந்த ஒறம்பரைக எப்புடீங் கை நனைக்கறது? நீங்க ஒரு வாய் சாப்பிடுங். பொறவு நாங்க சாப்பிடறோமுங்."

முதலில் சுதாரித்தவர் அந்தியூர்க்காரர்.

"ஆமாங் மொதலாளி" என்றார், பாதி அழுகையாக. அந்த அழுகை நிஜம், பசி. "பச்சத்தண்ணி எறங்கலீங்."

முதலாளி உட்கார்ந்தார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். எல்லா முகமும் உண்மையிலேயே வாடித்தான் இருந்தது. அதற்கு நாங்கள் நடிக்க வேண்டி இருக்கவில்லை.

"எனக்காகவா" என்றார். பிறகு மேனேஜரிடம், "கொஞ்சம் வெறுஞ்சோறும் தயிரும் கொண்டாரச் சொல்லப்பா" என்றார். வந்தது. கரண்டியை நகர்த்தி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பச் சாப்பிடுங்க."

மிச்சம் அண்ணன் உட்காரவில்லை. மேனேஜரின் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார். "ஏனுங், இதுக்குக் கையெழுத்துக் கேப்பாங்களா?"

"சாப்பாடு அத்தனையும் டிக்கெட்லயே சேத்தி. நீங்க எத்தன தட்டு வேணும்னாலும் சாப்பிடலாம்."

அண்ணன் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். முதலாளி கோபத்தில் நின்றபோதுகூட அப்படி வெளுக்கவில்லை.

"அப்ப நேத்துல இருந்து நாம சாப்பிடாதது பூராவும் நட்டமா?"

அதன் பிறகு அந்தக் கூடத்தில் நடந்தது எந்தக் கப்பலிலும் நடந்திருக்காது. நட்டத்தை எடுத்தே தீருவது என்று அவர் பந்தி விசாரிக்க இறங்கிவிட்டார். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் பந்தி நடுவே நடந்துகொண்டே, இன்னும் கொஞ்சம் வெச்சுக்குங்க என்று ஒருவர் வற்புறுத்திக்கொண்டு வருவாரே, அந்த வேலை. அது இல்லாமல் எங்கள் ஆட்களுக்குச் சாப்பிடத் தெரியாது. முதல் தடவை கேட்டால் மரியாதைக்குப் போதும் என்போம். கப்பல் பரிசாரகனோ ஒரு தடவை கேட்பான், போதும் என்றால் நம்பிப் போய்விடுவான்.

அண்ணன் அவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "போதும்னு சொன்னாப் போகாத கண்ணு. வெய்யி."

மேசை மேசையாக வந்தார். "இந்தக் கேக்கு நேத்து ராத்திரிக்கு. இந்த மீனு இன்னைக்குக் காலைக்கு. அட வெச்சுக்குங், காலைல சாப்பிடலையில்ல? இது மத்தியானத்துக்கு. எங்கீங் எந்திரிக்கறீங்க, இன்னும் சாயந்திரம் டீ பாக்கி இருக்குது."

அந்தியூர்க்காரர், "ஐயோ போதுமுங்ணா" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பரிசாரகர்களுக்குப் பாடம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. "வெச்சுக்குங், வெச்சுக்குங்" என்று அவர்களும் ஆரம்பித்தார்கள். அதில் ஒருவன் அந்த உற்சாகத்தில் பக்கத்துக் கூடத்துக்கும் போய்விட்டான். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவியம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, அவள் தட்டில் புட்டிங் ஏறிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளும் சிரித்துக்கொண்டே தின்ன ஆரம்பித்தாள்.

நடுவில் முதலாளி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். போய் நின்றேன்.

"பில்லு வரும்னு பயந்துதான சாப்பிடல?"

நான் வாயெடுத்தேன்.

"சொல்லாத. என்ற ரூமுல ஒரு தண்ணி பாட்டலு வெச்சிருக்கறான். காசு போட்டுருவானோன்னு நானும் இன்னும் அதத் தொடல." தயிர்சாதத்தில் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "ஆனா நாலு பேரு முன்னால என்ற மானத்தக் காப்பாத்தி ஒரு பொய் சொன்னாம் பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும். அவன் மட்டும் எந்திரிக்கலீன்னா நான் என்னென்னமோ பேசியிருப்பேன். உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் எந்திரிச்சான், நானும் கவனிச்சேன். போ. சத்தி ஏஜென்சி உன்றதுதான். ஊருக்குப் போயி எழுதிக்கலாம்."

நான் கும்பிட்டேன் என்று நினைக்கிறேன். என் இடத்துக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. மிச்சம் அண்ணனிடம் சொல்லத் தேடினால் ஆளைக் காணோம். எல்லோரும் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏப்பம் விட்டபடி மேல் தளத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பரிசாரகர்கள் மேசைத் துணிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் கோடியில், தூண் ஓரமாக அவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் அவருக்கு வைத்த தட்டு. மடித்த துணி மடித்தபடியே அதன் மேல் இருந்தது.

"நீங்க சாப்பிடலீங்களாண்ணா?"

"எங்க கண்ணு நேரம்? அவுங்கள விசாரிக்கறதுக்கே செரியாப் போச்சு. வுடு. ஒரு வேளதான."

எனக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தையும் தைரியமாக வராது. அன்றைக்குப் பரிசாரகன் முன்னால் போய், அண்ணனைக் காட்டி, வாயைக் காட்டி, மூடப்போன பாத்திரங்களை எல்லாம் திறக்க வைத்தேன். சோறு, மீன், ரொட்டி, தயிர் என்று கிடைத்ததை எல்லாம் கொண்டு வந்து அவர் பக்கத்தில் அடுக்கினேன். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு அவர் அருகில் நின்றேன்.

"சத்தி எனக்குத்தானுங்களாம்ணா. மொதலாளி சொல்லிப்போட்டாருங்."

அவர் குனிந்து சாப்பிட்டார். நான் மீனை வைத்தேன்.

"போதும் கண்ணு."

சோற்றை வைத்தேன்.

"அட, போதுங்கறேன்ல."

அவர் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தட்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். நான் வைத்துக்கொண்டே இருந்தேன்.